மூன்றாவது நீதிபதி

யெலிட்சா கதவைத் திறந்தால், குவாரி முதலாளி வூகோமானின் மகள் துன்யா கைக்குழந்தையோடு நின்றாள். இன்னொரு கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ரொட்டி.



ஊர் நீதிமன்றத்தில் மூன்றே நீதிபதிகள். எந்த வழக்கை யார் விசாரிப்பது என்று கணினிதான் குலுக்கிப் போடும். கணினிக்கு ஏது உறவும் பகையும் என்று ஊருக்குப் பெருமை வேறு.

குவாரி வெடியில் கணவனைப் பறிகொடுத்த ஸ்டாமென்கா, வூகோமான் மேல் வழக்குப் போட்டிருந்தாள். அது முதலில் பெரியவர் க்வோஸ்டெனுக்கு விழுந்தது. விலகிக்கொண்டார். அடுத்தவருக்கு விழுந்தது. அவரும் விலகிக்கொண்டார். இருவருமே வூகோமானின் பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் கூட நின்ற ஞானத்தந்தைகளாம். அதுவும் உறவுதான்; உறவு இருந்தால் நீதிபதி வழக்கைத் தொடக்கூடாது.

மிச்சம் யெலிட்சா. உடம்பு சரியில்லை என்று போய்விட்ட ஒருவரின் இடத்துக்கு வந்தவள். ஊரில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எப்போதிருந்து இந்த உறவு என்று க்வோஸ்டெனிடம் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள். வழக்கு என் பெயருக்கு விழுந்த மறுநாளிலிருந்து என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

துன்யா ரொட்டியை நீட்டினாள்.

"அக்கா, பிள்ளைக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணுமாம். அப்பா கேட்டுட்டு வரச் சொன்னார்."

அப்படி ரொட்டியோடு கேட்டு வந்தால் இந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. பகையாளி கேட்டாலும் தலையாட்டத்தான் வேண்டும். யெலிட்சா தலையாட்டினால் வழக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே போய்த் தூங்கும். நீங்களாவது இருக்கீங்களே என்று ஸ்டாமென்கா கோர்ட்டு வாசலில் இவள் கையைப் பிடித்து அழுதது வெள்ளிக்கிழமைதான்.

நேரங்காலம் தெரியாமல் குழந்தை வேறு இவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது.

"முடியாதும்மா," என்றாள் யெலிட்சா.

துன்யா நீட்டிய கையை மடக்கவில்லை. கீழே தெருவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் காரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா மேல முன்ன ஒரு வழக்கு வந்தப்பவும் ஒருத்தர் முடியாதுன்னார்க்கா. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலியில இருந்தவர். அதுவரைக்கும் அவர் உடம்புக்கு ஒண்ணுமில்ல."

கீழே எஞ்சின் நின்றது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.