சாம்பல் குறி

நில உச்சவரம்புச் சட்டம் வந்த மறுவருடம், காலமான ஓவியர் ஒருவரின் திருவிடைமருதூர் வீட்டைக் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். பார்க்கப் போன அதிராம்பட்டினத்து ஜவுளிக்காரர் ஜெக்கரியா, ஒரு களத்துமேட்டுப் படத்தின் முன் நின்றுவிட்டார். நெற்குவியலில் யாரும் கைவைத்தால் தெரிவதற்காகப் போடும் சாம்பல் குறி நிஜம்போலவே இருந்தது. ஆசையாகத் தொட்டார். விரலில் சாம்பல் ஒட்டியது. படத்தில் குறி கலைந்திருந்தது.

காவலாளி வந்து பார்த்தார். நிதானமாகப் போய் வாசல் கதவைப் பூட்டினார்.

"குறி கலைஞ்சா, மிராசுதார் வந்து பாக்குற வரைக்கும் யாரும் களத்தை விட்டுப் போகக் கூடாதுங்க."

"நெலமெல்லாம்தான் சட்டத்துல போயிடுச்சே! இனி எந்த மிராசுதார் வரப்போறாரு?"

"அவங்களும் அதையேதான் கேக்குறாங்க" என்று காவலாளி மூலையைக் காட்டினார்.

அங்கே பெஞ்சில் நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் விரலிலும் சாம்பல். ஓரத்திலிருந்தவர் சற்று நகர்ந்து, ஜெக்கரியாவுக்கு இடம் விட்டார்.