எளிதா, கடினமா

“சார், கண்ண மூடிக்கோங்க. இந்த எடத்துல நெறைய பேரு மயக்கம் போட்டுருக்காங்க” என்றார் டிரைவர்.

ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரி கண்ணை மூடவில்லை. மடியிலிருந்த நோட்டில் ஏதோ எழுதினார்.

உண்மையில் அது சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் போய்விட்டு வருகிற காட்டுப் பாதை. நாலு கிலோமீட்டர் போனால் ஓடைக்கரை, அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம். பாதை தொடங்கும் இடத்தில் ‘எளிது’ என்று பலகை வைப்பதா, ‘கடினம்’ என்று வைப்பதா என்று முடிவு செய்யத்தான் அதிகாரி வந்திருந்தார்.

எளிது என்று வைத்துவிட்டால் அவனவன் சொந்தக் காரில் போய்விடுவான். அப்புறம் வாடகைக்கு ஓட்டும் ஜீப்பை இரும்புக் கடையில் போட்டுவிட்டு, டிரைவர் மாமனார் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

அதனால் விடிந்ததும் மச்சானை அனுப்பி, பாதையில் நாலு கல்லை உருட்டி வைக்கச் சொல்லியிருந்தார். மச்சான் பாசக்காரன். பதினொன்று உருட்டியிருந்தான்.

“இவ்வளவு கல்லா?”

“போன வாரம் இதவிட ஜாஸ்தி சார். மலை உருண்டுக்கிட்டே இருக்கு.”

பள்ளமே இல்லாத இடத்திலும் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினார். கியர் மாற்றும்போதெல்லாம் “கடவுளே” என்றார்.

“தினமும் இதுல ஆளுங்கள ஏத்திட்டு வர்றீங்களா?”

“மூணு ட்ரிப் சார். குழந்தை குட்டியோட வருவாங்க. உசிரக் கையில புடிச்சுக்கிட்டுதான் வருவாங்க.”

அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஓடையைக் கடக்கும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். டிரைவர் இறங்கி, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு நீளக் கம்பை விட்டு ஆழம் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார்.

ஒருவழியாக அக்கரை சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதிகாரியின் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். டிரைவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

“என்ன சார் எழுதுனீங்க?”

“ரொம்பக் கடினம்னே எழுதிட்டேன். இனிமே சொந்தக் கார் ஒண்ணுகூட உள்ள வராது.”

டிரைவர் குனிந்து ஓடைத் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை. “நல்ல முடிவு சார். ஜனங்க உசிரு முக்கியம் பாருங்க.”

“அதேதான் நானும் நெனச்சேன்” என்று நோட்டை மூடினார் அதிகாரி. “இந்த மாதிரிப் பாதையில வாடகைக்கு ஆள் ஏத்தவே கூடாது. உங்க பெர்மிட்டக் குடுங்க.”