ஒரே கிணற்றுத் தண்ணீர்

"அந்தக் கொலைகாரன் வீட்டுக் குழாய்க்கும் ஒரு வால்வு மாட்டிடுடா. இன்னொரு குழந்தை சாக வேண்டாம்."

கர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். கனடாவின் சஸ்காட்செவனில் அறுவடை முடிந்து, தரை இறுகத் தொடங்கியிருந்தது. உறைபனிக்கு முன் வெளிக் குழாய்களைச் சரிசெய்ய பிளம்பர் லைல் வந்திருந்தான்.

கர்டிஸ் வீட்டுச் சுவரில் இருந்தது வெறும் குழாய். லைல் அதைக் கழற்றிவிட்டு, பனியில் வெடிக்காத புதுக் குழாயைப் பொருத்தி, அதன் வாயில் நான்-ரிட்டர்ன் வால்வையும் மாட்டினான். இனி வெளியே போன தண்ணீர் உள்ளே திரும்பாது.

வசந்தத்தில் அப்படித் திரும்பிய தண்ணீர்தான் டெஸாவைக் கொண்டுபோனது. கர்டிஸின் ஒரே மகள். அவனுக்கும் பக்கத்து வீட்டு ஓரெஸ்டுக்கும் ஒரே கிணறு, ஒரே பம்பு. அன்று இரண்டு வீட்டிலும் வயலுக்கு மருந்து கலந்துகொண்டிருந்தார்கள். கரண்ட் போனது. பம்பு நின்று, குழாயில் அழுத்தம் இறங்கியது. மருந்துத் தொட்டிக்குள் கிடந்த ரப்பர் ஹோஸ் களைக்கொல்லியைக் குழாய்க்குள் இழுத்துவிட்டது. விளையாடிவிட்டு வந்த பிள்ளை, சமையலறைக் குழாயில் பிடித்துக் குடித்தது.

"என் ஹோஸா, அவன் ஹோஸான்னு தெரியாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்தேன்டா," என்றான் கர்டிஸ். "அப்புறம் அவனே வந்து ஒத்துக்கிட்டான். 'என்னோடதுதான், வால்வு வாங்கி மாட்ட சோம்பேறித்தனம்'னு. சோம்பேறித்தனமாம்!"

ஊர் ஓரெஸ்டை ஒதுக்கிவிட்டது. காபிக் கடையில் அவர் உட்கார்ந்தால் மேசை காலியாகும். சர்ச்சில் அவர் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஊரிலிருந்த அவர் மகள்கூட வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். லைலுக்கும் அந்த ஆள் மேல் இரக்கம் வரவில்லை. எப்படி வரும்?

லைல் போய்த் தட்டியதும் ஓரெஸ்ட் கதவைத் திறந்தார். லைல் கையிலிருந்த வால்வைப் பார்த்ததும் பதறினார்.

"இங்க வேண்டாம்ப்பா, லைல்."

"இன்னும் புத்தி வரலையா உங்களுக்கு?"

"நானே பாத்துக்கறேன். நீ வா, ஒரு காபி குடிச்சிட்டுப் போ."

"உங்க வீட்டுத் தண்ணியிலயா?"



லைல் விறுவிறுவென்று பின்பக்கம் போனான். குழாயே தெரியாதபடி ஹோஸ் சுருள் இன்னும் அதில் மாட்டியபடியே தொங்கியது. பனி விழும் நேரத்தில் ஹோஸைக் கழற்றாமல் வைத்தால் நல்ல குழாயும் வெடித்துவிடும். இதுகூடத் தெரியாத மனுஷனா என்று திட்டிக்கொண்டே கழற்றினான்.

கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஹோஸுக்குப் பின்னால் வால்வு இருந்தது. பிறகு யாரும் கழற்றக் கூடாதென்று, மாட்டும்போதே அதன் திருகின் தலையை முறித்துவிடுவார்கள். முறிந்த இடத்தில் துரு அடைந்திருந்தது. அதன் மேல் விழுந்த சுவர் பெயிண்டும் பழசாகி உரிந்திருந்தது. இந்த வசந்தத்துக்குப் பிறகு மாட்டியதே அல்ல. சோதித்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

பின்னால் ஓரெஸ்ட் வந்து நின்றார்.

"அண்ணே... அப்போ உங்க ஹோஸ் இல்லையே! கர்டிஸோடதுதானே?"

"மெதுவாப் பேசு. அந்த ஹோஸத் திரும்ப மாட்டிடுப்பா. அவன் கண்ணுல பட்டுடப் போகுது."

"ஊரே உங்களக் காறித் துப்புதே! எதுக்காக ஒத்துக்கிட்டீங்க?"

ஓரெஸ்ட் கர்டிஸ் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"பிள்ளைய அடக்கம் பண்ணின அன்னிக்கு, டிராக்டர் ஷெட்டுல துப்பாக்கியும் கையுமா உக்காந்திருந்தான். 'என் ஹோஸா இருந்தா?'ன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் கையிலேருந்து அத வாங்க எனக்கு வேற பதில் தெரியலப்பா."