இடது பக்கத்துப் பச்சை

வலது பக்கம் பச்சை வந்துவிட்டது.

இடது பக்கம் இருட்டாகவே இருந்தது.

அறுவை செய்துகொண்டிருந்த அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையில் பிடித்திருந்த நீளக் கருவி செல்லக்கனியின் இடுப்புக்குள் அசையாமல் நின்றது.

கருப்பை வாயின் இரு பக்கமும் ஒரே சாயம்தான் ஏற்றப்பட்டது. ஒரே அளவுதான். வலது பக்கச் சாயம் சமர்த்தாக ஒரு நூல்போல ஓடி, ரத்தக்குழாயின் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவு இருந்த நிணநீர் முடிச்சில் போய் நின்று ஒளிர்ந்தது. அதை எடுத்தாகிவிட்டது. இடது பக்கச் சாயம் எங்கே போய்த் தொலைந்ததோ.

காவல் முடிச்சு. புற்று கருப்பையை விட்டுக் கிளம்பினால் முதலில் வந்து தங்கும் இடம். அதில் இல்லையென்றால் மற்ற முடிச்சுகளைத் தொட வேண்டியதில்லை. அதுவே கிடைக்காவிட்டால், அந்தப் பக்கத்து முடிச்சுகள் அத்தனையையும் எடுத்தாக வேண்டும்.

அத்தனையையும் எடுத்தால் காலில் ஊறும் நீர் வடிய வழி குறையும். கால் வீங்கலாம். வீங்கினால் பெரும்பாலும் வற்றாது.

செல்லக்கனிக்கு வால்பாறையில் கொழுந்து பறிக்கும் வேலை. சரிவில் நாள் முழுக்க நிற்க வேண்டும். நின்றால்தான் வேலை. வேலை இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு.

நேற்று வார்டில் அவள் படம் வரைந்து விளக்கியது எதுவும் அந்த அம்மாளுக்கு ஏறவில்லை. கடைசியில், "கால்ல அட்டை கடிச்சா தொடையிடுக்குல நெறி கட்டும்ல, அந்த மாதிரி நெறிதாம்மா" என்றதும் முகம் தெளிந்தது.

"அதை எடுத்தா காலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, டாக்டரம்மா?"

"பக்கத்துக்கு ஒண்ணுதாம்மா எடுப்பேன். ஒண்ணும் ஆகாது."

கிடைத்தால், என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது.

"இடது பக்கம் இன்னொரு ஊசி" என்றாள்.

உதவி மருத்துவர் மறுபடி சாயம் ஏற்றினார்.

காத்திருந்தார்கள்.

கை துறுதுறுத்தது. ஆனால் அவசரப்பட்டு எதையாவது வெட்டிவிட்டால் சாயம் கசிந்து எங்கு பார்த்தாலும் பச்சையாகிவிடும். பிறகு எது முடிச்சு, எது சிந்தியது என்று கடவுளுக்கே தெரியாது.

"மேடம், ரொம்ப நேரமா தலையைத் தாழ்த்தி வெச்சிருக்கோம். காத்து உள்ள தள்ளுறதே கஷ்டமா இருக்கு." தலைமாட்டிலிருந்து மயக்க மருத்துவரின் குரல்.

அவள் கருவியை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினாள். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

திரையின் ஓரத்தில் ஏதோ பச்சை.

சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மெல்லப் பிரித்தாள். வெளியே எடுத்தாள். தட்டில் வைத்து நறுக்கினாள்.

கொழுப்பு.

உள்ளே முழுக்க மஞ்சள் கொழுப்பு. வெளியே மட்டும் சாயம் நனைத்திருந்தது.

அதை அப்படியே குப்பியில் போட்டு மூடிவிடலாம். அறையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். முடிச்சு இல்லையென்று ஆய்வகம் சொல்வதற்குள் வயிற்றைத் தைத்து முடித்திருப்பார்கள். கால் தப்பித்துவிடும். புற்று அந்தப் பக்கம் நுழைந்திருந்தால், செல்லக்கனிதான் தப்பமாட்டார்.

இன்னொரு முறை தேடினாள். எங்கே ஒளிந்திருக்கிறாய், வந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

இருட்டு.

"வெள்ளை வெளிச்சம் போடுங்க."

சாயத்தை ஒளிரவைக்கும் வெளிச்சம் போய்த் திரை மறுபடி சிவந்தது. இடது பக்கத்து முடிச்சுகளை, ரத்தக்குழாயை ஒட்டி, ஒன்று விடாமல் எடுக்கத் தொடங்கினாள். கை பழகிய வேகத்தில் ஓடியது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை செல்லக்கனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் ஆட்டிக் காட்டினார்.

அவள் கோட்டுப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இடது கெண்டைக்காலைச் சுற்றினாள்.

"என்ன டாக்டரம்மா, எனக்குப் பேண்ட்டு தைக்கப் போறீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்படி வாக்குக் கொடுத்தது தன் தப்பு என்பதையும் சொன்னாள். வீங்காமலும் போகலாம் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னாள். முதலிலேயே சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் காதில் வாங்கமாட்டாரோ என்று பயம்.

செல்லக்கனி கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காலுமா, ஒரு காலா?"

"இடது மட்டும்தாம்மா."

"அப்ப அந்தக் காலை மேட்டுப் பக்கமா வெச்சுக்கிட்டுப் பறிக்கிறேன்."

போர்வையில் கையை ஊன்றிக் காட்டினார். இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம், நடுவில் தேயிலை வரிசை. கை மெதுவாக வரிசையோடு நகர்ந்தது.

கோடிக்கு வந்ததும் நின்றது.

அங்கிருந்து அடுத்த வரிசைக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் பள்ளம் இடது பக்கம்.