பீரோவுக்குள் ஒரு டிஸ்க்

“இந்தக் காலத்துல யாரு மேடம் டிஸ்க் வாங்குறா? டிஜிட்டல்ல வாங்குங்க. கீறல் விழாது, தொலையாது,” என்றார் வீடியோ கேம் கடைக்காரர்.

“தொலையாததுதாங்க தொல்லை! டிஸ்க்னா பீரோவுல பூட்டிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுக்கலாம்,” என்றாள் அந்தப் பெண்.

“பரீட்சை நேரமா?”

“அடுத்த மாசம். ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு.”

“அடேங்கப்பா! வீட்டுல எல்லாரும் மாடா உழைக்கணும், துரை உக்காந்து விளையாடணும்! அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாலும் சாவியைக் குடுத்துராதீங்க.”

“சாவி என் மாமியார்கிட்ட இருக்கும். அவங்க லேசுல மசிய மாட்டாங்க.”

“சபாஷ்! பையன் என்ன படிக்கிறான்?”

அவள் நெளிந்தாள்.

“பையன் இன்னும் தொட்டில்ல இருக்கான். மேனேஜர் பதவிக்குப் பரீட்சை எழுதுறது நான்தாங்க.”