அஞ்சுக்கு அஞ்சு

பாலர் பள்ளிக்குப் பின்னால் ஆற்றில் நட்டிருந்த அளவுகோலை விடிந்தும் விடியாமலும் பார்த்துவிட்டு, பனியில் நனைந்த மஞ்சள் கூடாரத்தைக்கூட மடிக்காமல் ஊர்மன்றத்துக்கு ஓடி வந்திருந்தாள் சல்தனாத். வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு கைப்பிடி மணல் கொட்டியது.

விஷயம் இதுதான். மலைக்கு மேலே பனி உருகி உருகி ஓர் ஏரி நிறைந்துகொண்டே வருகிறது. ஜூலை வெயிலில் அதன் கரை உடைந்தால், கல்லும் சேறுமாக இறங்கி முதலில் விழுங்கப்போவது ஆற்றோரத்துப் பாலர் பள்ளியை. குழந்தைகளை மேட்டிலிருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றுங்கள் என்று, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த நாள்முதல் இந்த நீரியல் ஆய்வாளர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

ஊர்த்தலைவர் குபானிச் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியை அந்த இடத்தில் கட்டியவரே அவர்தான். தேர்தல் வேறு வருகிறது. இடம் தப்பு என்று எந்த வாயால் சொல்வார் மனுஷன்?

"இந்த மாதிரி ஏரிகளை ஆராயுறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் ஒரே முடிவுல இருக்கோம், தலைவரே" என்றாள் சல்தனாத்.

குபானிச் அவசரமே படாமல் ரொட்டியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க பக்கம் நூத்துக்குத் தொண்ணூத்தேழு. இந்த ஊர்ல ஆத்தோட நெளிவு சுளிவு தெரிஞ்சவங்க அஞ்சு பேர். ஒண்ணும் ஆகாதுன்னு அஞ்சு பேரும் சொல்லிட்டாங்க. எங்க பக்கம் அஞ்சுக்கு அஞ்சு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

மன்றமே சிரித்தது. சல்தனாத்துக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

சிரிப்பு அடங்கியதும் குபானிச் ஒரு வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் கை தூக்கி முடிவெடுப்பதற்குள் அந்த ஐந்து பேரில் ஒரே ஒருவர் பேச்சை மாற்றினாலும் போதும், பள்ளியை மாற்ற முதல் கை தன்னுடையதுதான் என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். சல்தனாத் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

முதலில் பௌதிக வாத்தியார் கெஞ்சபெக். ஓய்வு பெற்றவர், கணக்குப் போட்டுப் பார்க்காமலா சொல்லியிருப்பார் என்று பயந்துகொண்டேதான் போனாள். அவரோ ஒரு கணக்கும் போடவில்லை. மாவுமில் ஒரோஸாலி சொன்னானாம், அவன் ஆற்றிலேயே கிடக்கிறவனாம், அவனுக்குத் தெரியாததா என்று தேநீரை ஊற்றினார்.

ஒரோஸாலி தலையில் படிந்த மாவைத் தட்டிக்கொண்டு, தனக்கென்ன தெரியும் என்றான். தேனீ வளர்க்கும் புருல் அக்காதான் அடித்துச் சொன்னாளாம். புருல் அக்காவோ மணல் லாரி மக்சாத்தைக் கை காட்டினாள். மக்சாத் லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஷார்ஷேக் அண்ணன் சொன்னதைத்தான் தானும் சொன்னதாகச் சத்தியம் செய்தான்.

எந்த வீட்டிலும் ரொட்டி பிய்க்காமல், தேநீர் குடிக்காமல் விடவில்லை. மதியத்துக்குள் அவள் வயிறே ஓர் ஏரியாகிவிட்டது. ஆனாலும் மனசு துள்ளியது. அஞ்சுக்கு அஞ்சாம், பெரிய அஞ்சு. இருப்பது ஒரே ஓர் ஆள். அந்த ஒருவரைக் கவிழ்த்தால் மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

ஷார்ஷேக் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மதகடியில் நின்றிருந்தார். வாய் கொள்ளாச் சிரிப்போடு அவளை வரவேற்றார்.

"அண்ணே, மேல போய் ஏரியைப் பாத்தீங்களா?"

"முழங்கால் போயி மூணு வருஷமாச்சு. நான் எங்க மலை ஏறுறது?"

"அப்போ எதை வெச்சு ஒண்ணும் ஆகாதுன்னீங்க?"

ஷார்ஷேக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் ஒன்றும் காற்றில் வந்ததை அள்ளி விடுகிற ஆள் இல்லை என்றார். இந்த ஊரில் படித்தவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிற ஒரே ஆள் தான்தான் என்றார். இதையே தொழிலாகப் படித்தவரை வைத்துத்தான் முடிவுக்கு வந்தாராம்.

சல்தனாத்துக்கு ரத்தம் கொதித்தது. நம் ஆட்களிலேயே ஒரு கருங்காலியா? நூறில் ஒத்துவராத அந்த மூன்று பேரில் எவனோ ஒருவன் முந்திக்கொண்டு வந்து ஊரைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"பேரைச் சொல்லுங்கண்ணே. சாயங்காலம் மன்றத்துல நிக்க வெச்சு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். குழந்தைங்க உசுரோட விளையாடற ஆளை நான் சும்மா விடமாட்டேன்."

ஷார்ஷேக் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். சொல்வதா வேண்டாமா என்று சங்கடப்படுவது முகத்திலேயே தெரிந்தது.

"பேசிக் கேக்கலம்மா. மேய்ச்சலுக்குப் போனா நாங்க யார்கிட்டயும் இடம் நல்லதா கெட்டதான்னு கேக்கறதில்ல. விவரம் தெரிஞ்சவங்க எங்க கூடாரம் போடறாங்கன்னு பாப்போம். அவங்களே அங்க படுத்துத் தூங்கறாங்கன்னா, அப்புறம் என்ன பயம்? பக்கத்துலயே நாங்களும் போட்டுடுவோம்."

"அதெல்லாம் சரிண்ணே. ஆள் யாரு?"

ஷார்ஷேக் ஆற்றுப் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினார்.

"பாலர் பள்ளிக்குப் பின்னால நிக்குதே மஞ்சக் கூடாரம், அது உங்களோடதுதானேம்மா?"