கையில் இரும்பு

மிக்கேலுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடும். அதனால் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிற நாட்களில், ரத்தம் வராத இடமாகப் பார்த்துத்தான் மனைவி சொரூபராணியை அடிப்பான். முதுகு, தொடை, விலா. அன்று அவன் வீல் ஸ்பானரை ஓங்கியபோது அவள் திரும்பிவிட்டாள். அவள் புருவம் பிளந்து ரத்தம் அவன் சட்டையெல்லாம் தெறித்தது. “ஒன்னய யாருட்டி திரும்பச் சொன்னா?” என்றபடியே குனிந்து சட்டையைப் பார்த்தவன், முகம் வெளுத்து, நின்ற இடத்திலேயே சரிந்தான். கால்கள் ரெண்டு தடவை வெட்டி இழுத்தன. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு லூர்தக்கா ஓடிவந்தாள்.

“ஏட்டி, வலிப்புல்லா வந்திருக்கு. கையில இரும்பக் குடு.”

“வலிப்பு இல்லக்கா. ரத்தத்தப் பாத்த மயக்கம். இப்ப முழிச்சிருவாரு.”

“முழிச்சா?”

சொரூபராணியின் கன்னத்தில் ரத்தம் வழிவதை லூர்தக்கா அப்போதுதான் பார்த்தாள். தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். “எதுவா இருந்தா என்னட்டி. குடுக்கதக் குடு.”

சொரூபராணி ஸ்பானரை எடுத்தாள். மிக்கேலின் விரல்கள் மெல்ல அசைந்தன. இமை துடித்தது.

“எந்த எடத்துலக்கா குடுக்க?” என்று கேட்டாள்.